சம்பா நடவும் ஜெர்மனி செமஸ்டரும்



"பொண்ணுக்கு ஜெர்மனியில ஆறு மாசம் படிக்க சான்ஸ் வந்திருக்கு சார், அனுப்பலாமா?" இப்படிக் கேட்டு வரும் போன்கள் இப்போது கூடிவிட்டன. தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்திலிருந்துதான் அதிகம். பேசுவது பெரும்பாலும் அம்மா. "செலவு எவ்வளவு ஆகும்னு கேளு" என்று பின்னாலிருந்து அப்பா சொல்வது நமக்கும் கேட்கும்.

முழுப் படிப்புக்கு வெளிநாடு போவது வேறு, ஒரு செமஸ்டர் மட்டும் போய்வருவது வேறு. நம் வீடுகளில் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். செமஸ்டர் எக்ஸ்சேஞ்சில் போகும் பிள்ளை இங்கேயேதான் மாணவர். இரண்டு கல்லூரிகளுக்கும் ஒப்பந்தம் இருந்தால், ஃபீஸை வழக்கம்போல இங்கே கட்டிவிடுவோம். அங்கே டியூஷன் ஃபீஸ் பெரும்பாலும் கேட்க மாட்டார்கள். திருமலைசமுத்திரத்தில் இருக்கும் சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தில் 'செமஸ்டர் அப்ராட்' என்று தனித் திட்டமே இருக்கிறது, 'தேஷ் விதேஷ்' என்ற உதவித்தொகையோடு. ஐரோப்பிய நாடுகள் 1987-ல் தங்கள் மாணவர்களுக்காகத் தொடங்கிய எராஸ்மஸ் திட்டமும், கல்லூரிகளுக்குள் ஒப்பந்தம் இருந்தால், இன்று நம் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கிறது. விசாரிக்க வேண்டிய இடம் கல்லூரியின் இன்டர்நேஷனல் ஆபீஸ். நடுவில் ஓர் ஏஜென்ட் வந்து லட்சக்கணக்கில் கமிஷன் கேட்டால், அவர் விற்பது வேறு சரக்கு.

சரி, செலவுக்கு வருவோம். ஜெர்மனி விசாவுக்கு 'பிளாக்டு அக்கவுன்ட்' கேட்பார்கள். 2024 செப்டம்பரிலிருந்து மாதத்துக்கு 992 யூரோ, வருடத்துக்கு 11,904 யூரோ என்று கணக்கு. ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டாலும், ஆறு மாதத்துக்கு ஆறு லட்சம் ரூபாய். பயப்பட வேண்டாம், அது நம் பணம்தான். அங்கே போனபிறகு மாதாமாதம் பிள்ளையின் கைக்கே வரும். போதுமான உதவித்தொகைக் கடிதம் இருந்தால் அதையே காட்டலாம். ஆனால் முன்கூட்டியே மொத்தமாக வைக்க வேண்டும் என்பதில்தான் காவிரி டெல்டா குடும்பங்களுக்குச் சிக்கல்.

ஏன் தெரியுமா? அங்கே குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் ஆரம்பம். விசா வேலை ஆடி, ஆவணியிலேயே தொடங்கிவிடும். அப்போது நம் வீட்டில் என்ன நிலைமை? ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறந்திருந்தால் குறுவை வயலில் நிற்கும், அறுவடை ஆகியிருக்காது. சம்பாவுக்கு நாற்றங்கால், உழவு, உரம் என்று பணம் வெளியேதான் போய்க்கொண்டிருக்கும். வருடத்திலேயே கை மிகவும் காய்ந்திருக்கும் நேரம் அதுதான். சம்பா பணம் வருவது தை, மாசியில், அதுவும் கொள்முதல் நிலையத்தில் மூட்டை ஏறிய பிறகு. இந்த இடைவெளியில்தான் நகை அடகுக் கடைக்குப் போகிறது, சில வீடுகளில் நிலப் பத்திரமும் போகிறது.

அதனால் நான் சொல்வது இது: இரண்டாம் வருடத்திலேயே பேச்சை ஆரம்பியுங்கள். இந்தத் தை மாதப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினால், அடுத்த ஆடி, ஆவணியில் அடகு தேவைப்படாது. ஐரோப்பாவில் ஏப்ரல் வாக்கில் தொடங்கும் செமஸ்டரும் உண்டு. நம் கல்லூரி காலண்டரோடு ஒத்துவருமா என்று கேட்டுப் பாருங்கள். ஒரு செமஸ்டருக்காகக் காணியை அடகு வைப்பது எனக்குச் சம்மதம் இல்லை. அப்படித்தான் அனுப்ப முடியும் என்றால், இப்போது அனுப்ப வேண்டாம்.

ஜெர்மனி போய்வந்த ஒரு பெண்ணோடு பேசினேன். நம் வாசகி ஒருவரின் மகள், திருவையாறு பக்கம். பெயர் வேண்டாம் என்றாள். முதல் மாதம் அவளைப் படுத்தியது பாடம் இல்லையாம், வகுப்பில் யாரும் அட்டெண்டன்ஸ் எடுக்காததுதான். வந்தால் வா, வராவிட்டால் போ. பரீட்சைக்கும் நாமேதான் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். தேதியைத் தவறவிட்டால் எழுத முடியாது. போன் செய்து ஞாபகப்படுத்த வார்டனும் இல்லை, அம்மாவும் இல்லை.

டிசம்பரில் நாலரை மணிக்குள் இருட்டிவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும்; சனிக்கிழமையே பால் வாங்கி வைக்காவிட்டால் காபி கிடையாது. ஒருநாள் கடுகும் மிளகாயும் தாளித்ததில் ஸ்மோக் அலாரம் அடித்து ஹாஸ்டலே வெளியே வந்து நின்றதாம். (அவளுடைய அம்மா இதைத்தான் எல்லாரிடமும் முதலில் சொல்கிறார்.) கறிவேப்பிலை கிடைத்தது ஓர் இலங்கைத் தமிழர் கடையில். ஹம் நகரத்துக் காமாட்சி அம்மன் கோயிலுக்கும் ஒருமுறை போய்வந்திருக்கிறாள். 2002-ல் கும்பாபிஷேகம் ஆன அந்தப் பெரிய கோயிலைக் கட்டி எழுப்பியது இலங்கையிலிருந்து அகதிகளாகப் போன நம் மக்கள்.

சாப்பாட்டுக் கவலை நமக்குப் புதிதா என்ன? கும்பகோணத்துக் கணித மேதை ராமானுஜன் 1914-ல் கேம்பிரிட்ஜ் போனபோதும் இதே கவலைதான். சைவம் விடாமல் தானே சமைத்துச் சாப்பிட்டார். உலகப் போர் வந்து காய்கறிக்கே தட்டுப்பாடு. அவர் உடம்பு கெட்டதை நினைத்தால் இன்றும் மனசு கனக்கிறது. அதற்கும் இருநூறு வருடம் முன்னால், 1714-ல், தரங்கம்பாடியிலிருந்து பாதிரியார் சீகன்பால்குவோடு மலையப்பன் என்ற தமிழ் இளைஞர் கப்பலேறி ஐரோப்பா போயிருக்கிறார். அந்தக் காலங்களில் வீட்டுக் கடிதம் வந்துசேரவே வாரக்கணக்கு, மாதக்கணக்கு ஆகும். இன்று வீடியோ காலில் "குழம்பில் உப்பு போட்டியா" என்று கேட்கிறோம். தினமும் கேட்காதீர்கள், அதுவே ஒரு தொந்தரவு என்கிறாள் அந்தப் பெண்.

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். அங்கே படிக்கும் பாடங்களின் மதிப்பெண்ணை இங்கே கணக்கில் எடுத்துக்கொள்வார்களா என்பதைப் புறப்படும் முன் எழுத்தில் வாங்கிவிடுங்கள். ஐரோப்பாவில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்பது வழக்கம். எந்தப் பாடத்துக்கு எந்தப் பாடம் என்று இரண்டு கல்லூரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் கையில் இருக்கட்டும். "பார்த்துக்கலாம்" என்ற வாய்வார்த்தையை நம்பிப் போனால், திரும்பி வந்து அரியர் எழுத வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் மனம்விட்டுச் சொல்லிவிடுகிறேன். பையன் என்றால் "போய்ட்டு வாடா" என்கிற வீட்டிலேயே, பெண் என்றால் "கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார்கள். பணம் இல்லை என்பது காரணம், அதை மதிக்கிறேன். பெண் என்பது ஒரு காரணமா?

உங்கள் வீட்டிலிருந்து யாராவது இப்படிப் போய்வந்திருந்தால், வாடகை, சாப்பாடு, பஸ் பாஸ் என்று உண்மையான செலவுக் கணக்கை எழுதி அனுப்புங்கள். பெயர் போடாமல் வெளியிடுகிறோம். அடுத்த ஆடியில் யோசித்துக்கொண்டிருக்கும் இன்னொரு அம்மாவுக்கு அது பயன்படும்.

அன்புடன்,
ஆசிரியர்