திரையில் தோன்றும் மதிப்பெண்

ஊரிலிருந்து வந்து நம்மோடு தங்கியிருக்கும் தாயார், அடுப்பில் வைத்த பாலை இருமுறை மறந்தால் நாம் கலங்கிப் போகிறோம். மருத்துவமனையில் இப்போது கணினித் திரையைத் தொட்டு விடையளிக்கும் சோதனைகள் உண்டு. நினைவாற்றலையும் சிந்தனை வேகத்தையும் அவை சில நிமிடங்களில் அளந்து மதிப்பெண் இடுகின்றன. அம்மதிப்பெண்ணை எவ்வளவு நம்பலாம்?

சோதனையையும் சோதித்தாக வேண்டும். மருத்துவர் முழுமையாக ஆராய்ந்து முடிவு கண்டவர்களிடம் அதனை நடத்தி, நோயுற்றோரில் எத்தனை பேரைத் தவறவிட்டது, நலமுள்ளோரில் எத்தனை பேரை நோயுற்றோர் என்றது எனக் கணக்கிடுவதே முறை.

ஓரிடத்தில் தேறியது வேறிடத்திலும் தேறும் என்பதில்லை. 1975இல் அமெரிக்காவில் வெளியான, தாளில் நடத்தும் புகழ்பெற்ற சோதனை ஒன்று, ஒரு வாக்கியம் எழுதுமாறு கேட்கும். தில்லியை அடுத்த பல்லப்கட் கிராமங்களிலோ முதியோர் பலர் எழுத்தறியாதவர். எனவே 1990களில் ஆய்வாளர்கள் அதனை இந்தியில் திருத்தி அமைத்தபோது, எழுதுவதற்கு மாறாக வீட்டைப் பற்றி ஏதேனும் சொல்லுமாறு கேட்டனர்.

கணினியில் இவ்விடர் இன்னும் மிகுதி. திரையைத் தொட்டுப் பழகாத விரலின் தயக்கமும் மூளையின் தாமதமாகவே பதிவாகிவிடும்.

ஆதலால், இச்சோதனை தமிழில் சரிபார்க்கப்பட்டதா, தாயாரின் வயதும் படிப்பும் உடையோரிடம் நடத்திப் பார்த்ததா என்று மருத்துவரைக் கேட்போம். குறைந்த மதிப்பெண் தீர்ப்பன்று; மேலும் ஆராய்க என்னும் அறிவிப்பே. மதிப்பெண் நிறைந்திருந்தாலும், வீட்டில் நாம் கண்ட மாறுதலை மறைக்காமல் சொல்வோம். அந்தப் பால் பொங்கியதைக் கணினி பார்த்ததில்லை.