ஸ்வீடனின் நீலச் சுவர்கள்

புது வீட்டுக்குக் குடிபோகும் நேரம் பார்த்து, "கிச்சன்ல கிரானைட்டா? அதுல கதிர்வீச்சு வருமாமே!" என்று யாராவது ஒரு சொந்தக்காரர் கிளப்பிவிடுவார். அவர் சொல்வது முழுப் பொய் இல்லை. கல், மண், செங்கல், சிமென்ட் எதை எடுத்தாலும் யுரேனியம், தோரியம், பொட்டாசியம்-40 துளித்துளியாக இருக்கவே செய்யும். நம் உடம்பிலேயே பொட்டாசியம்-40 உண்டு! எவ்வளவு இருக்கிறது என்பதுதான் விஷயம். அளவு மிஞ்சினால் என்ன ஆகும் என்று தெரிய வேண்டுமானால் ஸ்வீடனைப் பார்க்க வேண்டும்.

1929-ல் அங்கே ஒரு புதுவகைக் கட்டுமானக் கல் தயாராகத் தொடங்கியது. எடை குறைவு. ரம்பத்தால் அறுக்கலாம், ஆணி அடிக்கலாம். வெளிக்குளிரை உள்ளே விடாது. குளிர் தேசத்துக்காரர்களுக்கு வேறென்ன வேண்டும்? லட்சக்கணக்கான வீடுகள் அதில் எழுந்தன. நீலம் கலந்த சாம்பல் நிறம் என்பதால் 'நீலக் கான்கிரீட்' என்றே பெயர். அதற்கு மூலப்பொருளான கரும்பாறையில் யுரேனியம் அதிகம் என்பதுதான் வினை.

யுரேனியம் சிதையும் வழியில் ரேடியம் உருவாகும்; ரேடியம் சிதைந்து ரேடான் வாயுவாகும். நிறமில்லை, வாசனையில்லை. சுவரிலிருந்து கசிந்து அறைக்குள் சேரும். அது சிதையும்போது உண்டாகும் நுண்துகள்கள் மூச்சோடு போய் நுரையீரலில் ஒட்டிக்கொண்டு, அங்கிருந்தே கதிர்வீச்சை உமிழும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைப்பழக்கத்துக்கு அடுத்த முக்கியக் காரணம் ரேடான்தான் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் சிகரெட் பிடிப்பவர் இருந்தால் அவருக்கு ஆபத்து பல மடங்கு.

பெங்ட் ஹுல்ட்க்விஸ்ட் என்ற விஞ்ஞானி ஸ்வீடன் வீடுகளை அளந்து பார்த்து, இந்தச் சிக்கலை 1956-லேயே எழுதிவிட்டார். பெரிதாக யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1973-ல் பெட்ரோல் நெருக்கடி வந்தது. வீட்டைச் சூடாக்கும் செலவை மிச்சம்பிடிக்க ஜன்னல் இடுக்கு, கதவு இடுக்கு எல்லாவற்றையும் மக்கள் அடைத்தார்கள். வெளியே போக வழியில்லாமல் ரேடான் உள்ளேயே தங்கியது. சிக்கனம் செய்யப் போய் வந்த வம்பு! 1975-ல் அந்தக் கல்லின் உற்பத்தி நின்றது. ஆனால் எழுப்பிய சுவர்கள் அப்படியே நிற்கின்றன. ரேடியம் பாதியாகக் குறையவே 1,600 ஆண்டுகள் ஆகும். அதற்காக எல்லா வீடுகளையும் இடிக்க முடியுமா? காற்றோட்டத்தைக் கூட்டித்தான் சமாளிக்கிறார்கள். குளிர்காலத்தில் சின்ன டப்பா போன்ற கருவியை அறைக்குள் இரண்டு மாதமாவது வைத்து ரேடானை அளக்கிறார்கள்.

சரி, கிரானைட் மேடை? ஸ்வீடனில் சுவர் முழுக்க அந்தக் கல். இங்கே சமையலறையில் ஒரு பலகை, அவ்வளவுதான். அதிலிருந்து வருவது பொதுவாக மிகக் குறைவு. பல வீடுகளில் ரேடான் அதிகம் வருவது தரைக்கு அடியிலுள்ள மண்ணிலிருந்துதான். எனவே மேடையைப் பெயர்க்க வேண்டாம். ஏ.சி. போட்டு நாள் முழுக்க மூடியே கிடக்கும் தரைத்தள அறை இருந்தால், காலையும் மாலையும் அதன் ஜன்னல்களைத் திறந்து வையுங்கள்.