அம்மாவிடம் பிரின்சிபல் எதற்குக் காசு வாங்குகிறார்?

எட்டாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை ஒருத்தி, தன் அம்மாவின் குழுக்கடன் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் இரவுப் பாடசாலைக்கு வந்தாள். "அக்கா, இதுல பிரின்சிபல்னு ஒரு கட்டம் இருக்கு. எங்க அம்மாகிட்ட பிரின்சிபல் எதுக்கு வாராவாரம் காசு வாங்குறாரு?" என்று கேட்டாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்த ஒரே பிரின்சிபல், அவள் அண்ணன் படிக்கும் கல்லூரியில் இருப்பவர்தான்.

அன்றைக்கு நடத்த வேண்டிய பாடத்தை அப்படியே மூடி வைத்தோம். தெருவிளக்கின் கீழே மூன்று மூலைகளைக் குறித்தோம். ஒன்று கல்லூரி முதல்வர், இன்னொன்று கடனின் அசல், மூன்றாவது கொள்கை. முதல் இரண்டுக்கும் எழுத்து ஒன்றே, கடைசியில் 'பிஏஎல்' வரும். கொள்கைக்கு மட்டும் 'பிஎல்இ'. நாங்கள் வாக்கியம் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் சரியான மூலைக்கு ஓட வேண்டும். "அசலில் இன்னும் 8,000 பாக்கி", "அம்பேத்கர் எதை விட்டுக்கொடுக்கவில்லை?", "விடுதி விண்ணப்பத்தை யார் பெயருக்கு எழுதுவாய்?" ஒரே ஒரு விதிதான். தப்பான மூலையில் நிற்பவர் அவுட் கிடையாது, அடுத்த வாக்கியத்தை அவர்தான் சொல்ல வேண்டும். கேள்வி கேட்ட அந்தப் பிள்ளை மூன்று முறை தப்பு செய்தாள், மூன்று முறை எல்லோரையும் ஓட வைத்தாள். அன்றிரவு அந்த அட்டையில் எது அசல், எது வட்டி என்று அம்மாவுக்குக் கட்டம் கட்டமாகப் படித்துக் காட்டியிருக்கிறாள். வட்டி இவ்வளவா என்று அவர் மறுநாள் எங்களிடம் வந்து கேட்டார்.

தம்பி தங்கைகளே, விளையாட்டாய் இங்கிலீஷ் இலக்கணம் சொல்லித் தருவது சின்னப்பிள்ளைத்தனம் என்று நம்மில் சிலர் நினைக்கிறார்கள். ஊர்வலம், மனு, வழக்கு என்று வேலை கிடக்கும்போது 'கேம்ஸ்' எதற்கு என்று கேட்கிறார்கள். நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் பேசினோம். மொழியும் ஒருவகை மூலதனம்தான் என்று பூர்தியு சொன்னதை எம்.ஏ. சமூகவியலில் மனப்பாடம் செய்து தேர்வெழுதிவிட்டு, அந்த மூலதனம் காலனிப் பிள்ளைக்கு ஏன் கைக்கு வருவதில்லை என்று யோசிக்காமல் இருந்தோம். காரணம் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை, சிரிப்புதான். வகுப்பில் யார் தப்பாகப் படித்தாலும் சிரிப்பு வரும். ஆனால் நம் பிள்ளை தப்பாகப் படித்தால் அந்தச் சிரிப்போடு "இதுங்களுக்கு இது போதும்" என்ற பேச்சும் வரும். ஒருமுறை அதைக் கேட்ட பிள்ளை பிறகு வாயைத் திறக்காது. விளையாட்டு அந்தச் சிரிப்பை எடுத்துவிடுவதில்லை, எல்லோருக்கும் பங்கு போட்டுவிடுகிறது. தப்பு எல்லோர் கையிலும் மாறி மாறி வரும்போது அதற்குச் சாதி இருக்காது.

இலவசமாய் வந்த விளையாட்டு அட்டைப் பெட்டி ஒன்று எங்களிடம் உண்டு. அதில் பனியும் கேக்கும் நாய்க்குட்டியுமாய் இருக்கிறது. படங்கள் அழகுதான், ஆனால் நம் வீட்டில் புழங்கும் காகிதம் ஒன்றுகூட அதில் இல்லை. எனவே எங்கள் சீட்டுகளை நாங்களே வெட்டிக்கொண்டோம். 'போஸ்ட் மெட்ரிக்' உதவித்தொகை என்றால் தபாலில் வரும் பணம் என்றே பாதிப் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். பத்தாம் வகுப்புக்குப் 'பிறகு' என்பதுதான் அந்த போஸ்ட். அதை வைத்தே ஒரு சீட்டு. கடன் வாங்குவது பாரோ, கொடுப்பது லெண்ட், அதற்கொரு சீட்டு. அஃபெக்ட், எஃபெக்ட் குழப்பம் பட்டம் வாங்கியவர்களையும் விடாது. எங்களில் ஒருவர் மனுவிலேயே மாற்றி எழுதியிருக்கிறார். அதற்குப் பத்து வயதுப் பையன் ஒருவன் வழி கண்டுபிடித்தான். "அ-ன்னா அடி, எ-ன்னா எச்சம்." அடிப்பது அஃபெக்ட், அடித்தபின் மிஞ்சுவது எஃபெக்ட். எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது, ஆனால் பெரும்பாலும் கைகொடுக்கும். காலத்துக்குப் பாண்டிக் கட்டம். செங்கல் துண்டால் நேற்று, இன்று, நாளை என்று கோடு போட்டு, ஓட்டுச்சில்லு விழுந்த கட்டத்துக்கு ஏற்ப வினைச்சொல்லை மாற்றிச் சொல்லி நொண்ட வேண்டும்.

2010-இல் உத்தரப் பிரதேசம் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தின் பங்கா கிராமத்தில், சந்திரபான் பிரசாத்தின் முயற்சியில் ஆங்கிலத்துக்கு ஒரு தேவி எழுப்ப முயன்றார்கள். அந்தத் தேவி கணினியின் மேல் நிற்கிறாள். நம் மக்களை எது வெளியே விட்டது, எது உள்ளே விடவில்லை என்று தெரிந்தவர்கள் செய்தது அது, மதிக்கிறோம். ஆனாலும் ஒரு நெருடல். தேவியைக் கும்பிடலாம், அவளோடு பாண்டி ஆட முடியாது. நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் ஏற்கெனவே எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. தமிழுக்குத் துரோகம் என்று சொல்லும் தோழர்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறோம்: மேல்முறையீட்டுத் தீர்ப்பு எந்த மொழியில் கைக்கு வருகிறது என்று பாருங்கள்.

எங்களுக்கு மிகவும் பிடித்தது 'ஆல்' விளையாட்டு. செயப்பாட்டு வினை பாடத்தைச் சூத்திரமாக எழுதிப்போட்டால் பிள்ளைகள் தூங்கிவிடுவார்கள். நாங்கள் செய்தித்தாளை விரிப்போம். "வீடுகள் கொளுத்தப்பட்டன", "இளைஞர் தாக்கப்பட்டார்" போன்ற வாக்கியங்களை இங்கிலீஷில் சொல்ல வேண்டும். எதிர் அணி "பை ஹூம்?" என்று கத்தும். பதில் செய்தியில் இருந்தால் இவர்களுக்குப் புள்ளி, இல்லாவிட்டால் அவர்களுக்கு. கேட்ட அணிதான் எப்போதும் ஜெயிக்கிறது. ஒருநாள் பெரிய பிள்ளை ஒருவன் கீழ்வெண்மணியைக் கொண்டுவந்தான். 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். எதிர் அணி வழக்கம்போல் "பை ஹூம்?" என்றது. ஊருக்கே தெரிந்த பதிலை அவன் சொன்னான். பிறகு, உயர்நீதிமன்றம் அந்த மிராசுதாரையும் மற்றவர்களையும் விடுதலை செய்ததைச் சொன்னான். யாருக்குப் புள்ளி என்று அன்று யாரும் கேட்கவில்லை.

இலக்கணம் சின்ன விஷயம் என்பவர்கள் வன்கொடுமை தடுப்புச் சட்டத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் பட்டியல் சாதியினர் மீது நடந்தால் ஆயுள் தண்டனை என்கிறது பிரிவு 3(2)(5). 1989-இல் எழுதியபோது அதில் 'ஆன் த கிரவுண்ட் தட்' என்று இருந்தது. "மைதானத்துல நடந்தாதான் கேஸா அக்கா?" என்று ஒரு பிள்ளை கேட்டது. இல்லை, அந்த கிரவுண்டுக்குக் காரணம் என்று பொருள். அதாவது, அவர் இந்தச் சாதி என்பதாலேயே குற்றம் நடந்தது என்று நிரூபிக்க வேண்டும். அந்தச் சொற்களில் சிக்கி விழுந்த வழக்குகள் உண்டு. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அதை 'நோயிங் தட்' என்று மாற்றியது. அவர் இந்தச் சாதி என்று தெரிந்திருந்தால் போதும். காரணமா, தெரிந்திருப்பதா என்ற வித்தியாசத்தில் ஒரு குடும்பத்தின் நீதியே இருக்கிறது.

போன வாரம் எடுத்துக்கொண்டது 'பப்ளிக் பிளேஸ்', 'பிளேஸ் விதின் பப்ளிக் வியூ' என்ற இரட்டை. பொது இடம் வேறு, பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடம் வேறு. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது பற்றிய பிரிவில் இருப்பது இரண்டாவது. 2008-இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்சநீதிமன்றம் இதைப் பிரித்துச் சொன்னது. வீட்டு வாசல் கேட் தனியார் இடமாக இருக்கலாம், ஆனால் அங்கே நின்றவரைத் திட்டியது பொதுப் பார்வையில் நடந்ததுதான் என்றது. 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், நான்கு சுவருக்குள், வெளியார் யாரும் இல்லாமல் நடந்தது அப்படி ஆகாது என்றது. சாக்பீஸால் தரையில் பெரிய வீடு ஒன்று வரைந்தோம். கூடம், திண்ணை, தோட்டம், கேட், தெரு. ஒரு பிள்ளை ஒவ்வோர் இடமாய் நின்று கத்த, தெருவில் நிற்பவர்கள் தெரிகிறதா, கேட்கிறதா என்று கை தூக்கினார்கள். கூடத்துக்கு ஒரு கையும் எழவில்லை. தோட்டத்துக்குச் சண்டையே வந்தது, வேலி எவ்வளவு உயரம் என்று.

கடைசியில் அந்தக் கடன் அட்டைப் பிள்ளை சாக்பீஸை வாங்கி, வீட்டின் பின்பக்கம் இன்னொரு கட்டம் வரைந்தாள். மாட்டுக்கொட்டகை. மூன்று பக்கம் சுவர், ஒரு பக்கம் திறப்பு, எதிரே வயல். அவள் அம்மா சாணி அள்ளப் போகும் இடம் அது. "இங்க திட்டினா? வயல்ல ஆள் இருந்தா ஒண்ணு, இல்லாட்டி ஒண்ணா?" என்று கேட்டாள். பாதிப் பேர் கை தூக்கினார்கள், பாதிப் பேர் தூக்கவில்லை. நாங்களும் தூக்கவில்லை. அந்தக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு, இந்த ஞாயிறு வக்கீல் தோழர் ஒருவரை வரச் சொல்லியிருக்கிறோம்.