கண்ணுக்கு முன்னால் எத்தனை செதில்?

ஐப்பசி மழை இறங்கியதும் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பாம்பு மீட்புப் பணியில் இருக்கும் நம் எல்லோருடைய கைப்பேசிக்கும் ஒரே மாதிரிப் படம் வரத் தொடங்கும். சுவரோரம் ஒரு கருத்த பாம்பு, உடம்பில் வெள்ளை வரி. கூடவே ஒரு கேள்வி: கட்டுவிரியனா, இல்லையா? அரை நிமிடத்தில் பதில் போய்விடுகிறது. பெரும்பாலும் நிறத்தையும் வரியையும் மட்டும் பார்த்துச் சொன்ன பதில் அது.

வரியைப் பார்க்கும் பாடம் தவறு என்று சொல்லவில்லை. கட்டுவிரியனுக்குக் கழுத்தை விட்டுச் சற்றுத் தள்ளித்தான் வெள்ளை வளையம் தொடங்கும். மெல்லியதாக, பல இடங்களில் இரண்டிரண்டாக, வால் நோக்கிப் போகப் போகத் தெளிவாக இருக்கும். வெள்ளிக்கோல் வரையனுக்கு, அதாவது ஓநாய்ப் பாம்புக்கு, கழுத்திலேயே பட்டை அழுத்தமாகத் தொடங்கி வால் பக்கம் மங்கும். பயிற்சி வகுப்பில் நாமே இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறோம். ஆனால் கட்டுவிரியன் குட்டிக்குக் கழுத்தருகிலேயே வளையம் இருக்கலாம். முதிர்ந்த கட்டுவிரியனில் வளையம் ஏறக்குறைய அழிந்தே போயிருக்கும். சட்டை உரிக்கப்போகும் பாம்பு சாம்பல் பூத்துக் கிடக்கும். சேறு அப்பிய பாம்பை டார்ச் வெளிச்சத்தில் எடுத்த படத்தில் கருப்பும் பழுப்பும் ஒன்றுதான். சந்தேகம் வரும் இடத்தில்தான் வரி கைவிடுகிறது.

செதில் அப்படிக் கைவிடுவதில்லை. கட்டுவிரியனின் முதுகு நடுவே ஓடும் வரிசைச் செதில்கள் பக்கத்துச் செதில்களைவிடப் பெரியவை, அறுகோண வடிவம் கொண்டவை. வெள்ளிக்கோல் வரையனுக்கு அந்த வரிசை மற்றவற்றைப் போலவேதான் இருக்கும். நடு உடலில் சுற்றி எண்ணினால் கட்டுவிரியனுக்கு வழக்கமாக 15 வரிசை, வரையனுக்கு 17. வாலின் அடியில் கட்டுவிரியனுக்குச் செதில் பிளவுபடாமல் ஒற்றையாக இருக்கும். வரையனுக்கு இரண்டிரண்டாகப் பிரிந்திருக்கும். ஆனால் நான் முதலில் பார்ப்பது முகத்தைத்தான். மூக்குச் செதிலுக்கும் கண்ணுக்கும் நடுவே கட்டுவிரியனுக்கு ஒரே செதில். வரையனுக்கு இரண்டு, கூடுதலாக இருப்பதுதான் லோரியல் செதில். பக்கவாட்டில் எடுத்த தெளிவான படத்தைப் பெரிதாக்கினால் போதும், பாம்பைத் தொடவே வேண்டாம். வாலடியை உயிருள்ள பாம்பில் யாரும் திருப்பிப் பார்க்கக் கூடாது. அது உரித்த சட்டையிலும் செத்த பாம்பிலும் மட்டும் பார்க்க வேண்டியது. செத்த பாம்பின் தலையையும் கையால் தொடாதீர்கள், கடிக்கும்.

கூரை வீட்டிலும் விறகுக் கட்டிலும் கிடைக்கும் சட்டையில் நிறம் ஏறக்குறைய ஒன்றுமே மிஞ்சாது, செதில் அப்படியே இருக்கும். அடித்து நசுக்கிக் கொண்டுவரும் பாம்பிலும் ஒரு சாண் உடம்பு முழுதாகக் கிடைத்தால் நடுவரிசையைப் பார்த்துவிடலாம்.

இங்கே இன்னொரு பிழையையும் சொல்லியாக வேண்டும். நடுவரிசை பெரிதாக இருந்தால் கட்டுவிரியன்தான் என்று முடிவுகட்டும் பழக்கம் பரவிவருகிறது. கொம்பேறி மூக்கனுக்கும் நடுவரிசை பெரிதுதான். பூனைப் பாம்புக்கும் ஓரளவு அப்படித்தான். ஒற்றை அடையாளத்தை வைத்து எந்தப் பாம்புக்கும் பெயர் சொல்லாதீர்கள்.

எண்ணிப் பார்த்து அடையாளம் காண்பது இந்தக் கரைக்குப் புதிதல்ல. சோழமண்டலக் கரையில் சேகரித்த பாம்புகளைப் பற்றி 1796இல் நூல் வெளியிட்ட பேட்ரிக் ரஸ்ஸல், லின்னேயஸ் வழியில் வயிற்றுச் செதிலையும் வாலடிச் செதிலையும் எண்ணி எழுதினார். வட அமெரிக்காவின் கார்ட்டர் பாம்புகளைப் பிரிப்பவர்களும் இன்றுவரை மேலுதட்டுச் செதிலைத்தான் எண்ணுகிறார்கள்: ஒரு வகைக்கு வழக்கமாக 7, அதைப் போலவே தோன்றும் இன்னொன்றுக்கு 8. நம் வயல் வரப்பில் நீளக் கோடுகளோடு ஓடும் சிறிய நீர்ப்பாம்பு அவற்றின் உறவுக்காரன். அதற்கு மேலுதட்டில் 8, கழுவெளி ஏரிப் பக்கம் நிறையக் காணும் கட்டம்போட்ட தண்ணீர்ப் பாம்புக்கு 9. இவற்றை மாற்றிச் சொன்னால் குறிப்பேட்டில் ஒரு பிழை, அவ்வளவுதான். கட்டுவிரியனை மாற்றிச் சொன்னால் ஓர் ஆள் போய்விடுவார்.

கட்டுவிரியன் கடி பெரும்பாலும் இரவில், தரையில் படுத்துத் தூங்குபவருக்கு நேர்கிறது. வீக்கம் இருக்காது, வலி அதிகமிருக்காது, பல் பட்ட தடமே தெரியாமல் போகலாம். சில மணி நேரம் கழித்து வயிற்று வலி, பிறகு இமை சரிவு, பிறகு மூச்சுத் தசை செயலிழப்பு. அந்த இடைவெளியில் “விஷமில்லாத பாம்புதான்” என்று நாம் அனுப்பும் ஒரு வரி, முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் புறப்பட்ட வண்டியைத் திருப்பி வீட்டுக்கு அனுப்பிவிடும். நாற்பெரும் விஷப்பாம்புகளுக்கும் இங்கே கொடுப்பது ஒரே கூட்டு விஷமுறிவு மருந்துதான்; மருத்துவர் பாம்பின் பெயரைவிட அறிகுறியைப் பார்த்துத்தான் அதைக் கொடுப்பார். ஆகவே நம் பதில் தாமதமானால் சிகிச்சை நின்றுவிடாது. தவறான பதிலால் நின்றுவிடும்.

2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியைக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவித்தது. இனி நம் குறிப்புகளுக்கும் கூடுதல் பொறுப்பு உண்டு. பெயரோடு எந்த இரண்டு செதில் அடையாளத்தைப் பார்த்தீர்கள் என்பதையும் எழுதுங்கள். முகத்தின் பக்கவாட்டுப் படமும் நடுமுதுகுப் படமும் இல்லாவிட்டால் “உறுதியில்லை” என்று எழுதுங்கள். கடிபட்டவர் இருக்கிறார் என்று தெரிந்தால் பெயர் தேடுவதை விட்டுவிட்டு, உடனே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். 24 மணி நேரம் மருத்துவரின் கண்காணிப்பில் இருக்கச் சொல்லுங்கள்.