குமாஸ்தாவின் கோபம்

1958ல் ரோம் நகரத்தில் ஒரு யூனிவர்சிட்டி குமாஸ்தா, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணைப் பார்த்து எரிந்து விழுந்தார். விளைவு? ஐரோப்பா முழுக்கப் படிப்பு விஷயமே மாறிப்போயிற்று. நம்மூர் குமாஸ்தாக்களும்தான் தினம் எரிந்து விழுகிறார்கள், ஒன்றும் நடக்கக் காணோம்!

அந்தப் பெண் சோஃபியா கொராடி. சட்ட மாணவி. ஸ்காலர்ஷிப்பில் நியூயார்க் போய், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுநிலைச் சட்டம் முடித்துவிட்டு வந்து, 'இதையும் என் படிப்பில் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சர்ட்டிபிகேட்டை நீட்டினார். அமெரிக்காவில் ஊர் சுற்றிவிட்டு வந்து இங்கே டிகிரி கேட்கிறாயா என்கிற தோரணையில், எல்லார் முன்னிலையிலும் அந்த மனிதர் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். பாக்கிப் பரீட்சைகளை ரோமிலேயே கொடுத்துத்தான் டிகிரி வாங்க வேண்டியதாயிற்று.

அம்மணி அத்தோடு விடவில்லை. இத்தாலியத் துணைவேந்தர்கள் சங்கத்துக்கே ஆலோசகராகி, வெளிநாட்டில் படித்ததை வீட்டில் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும் என்று வருஷக்கணக்கில் நச்சரித்தார். 1987ல் எராஸ்மஸ் திட்டம் வந்தது. முதல் வருஷம் 11 நாடுகள், 3,244 மாணவர்கள். இதுவரை போய் வந்தவர்கள், வாத்தியார்களையும் சேர்த்து, ஒன்றரைக் கோடிக்கு மேல். 'எராஸ்மஸின் அம்மா' என்றே அவரைக் கூப்பிட்டார்கள். 2025 அக்டோபரில், 91 வயதில் காலமானார். அந்தக் குமாஸ்தாவுக்கும் யாராவது ஒரு மாலை போட்டிருக்கலாம்.

இது ஒரு சட்ட மாணவிக்கு நடந்ததில் ஆச்சரியமில்லை. பௌதிகம் படிக்கிறவனுக்கு ஆப்பிள் எல்லா ஊரிலும் கீழேதான் விழும். சட்டம் செக்போஸ்ட்டைத் தாண்டினாலே வேறு. பிரான்ஸில் 1804ல் நெப்போலியன் கொடுத்த சிவில் சட்டம், ஜெர்மனியில் 1900ல் அமலுக்கு வந்த சிவில் சட்டம். ஒன்றை நெட்டுரு போட்டவன் எதற்கு இன்னொருத்தன் ஊரில் ஆறு மாசம் உட்கார வேண்டும்? சர்வதேசச் சட்டம், ஐரோப்பிய யூனியன் சட்டம், ரோமானியச் சட்டம் என்று பொதுவானதாகப் பார்த்து எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் நிஜ லாபம் வேறே. பக்கத்து நாட்டுக்காரன் அதே தகராறை வேறு மாதிரி தீர்த்து, அவனும் நன்றாகவே குடித்தனம் நடத்துகிறான் என்பது நேரில் போய்ப் பார்த்தால்தான் உறைக்கும்.

சட்டம் படிக்க ஊர் தாண்டிப் போவது ரொம்பப் பழைய வழக்கம். இத்தாலியின் போலோன்யா பல்கலைக்கழகம் தன் பிறந்த வருஷம் 1088 என்கிறது. (உத்தேசம்தான். நம் பாட்டிகளின் பிறந்த தேதி மாதிரி!) ஜஸ்டினியன் சக்கரவர்த்தியின் சட்டத் தொகுப்பைப் படிக்க ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வந்தார்கள். வந்தவனுக்கு உள்ளூரில் நாதி கிடையாது. அவன் ஊர்க்காரன் எவனோ வாங்கிய கடனுக்கு இவனைப் பிடிப்பார்கள். 12ஆம் நூற்றாண்டில் பேரரசர் பார்பரோசா அதற்குத் தடை போட்டார். மாணவர்களும் சங்கம் வைத்தார்கள். சாதாரணச் சங்கமா அது! வாத்தியாருக்குச் சம்பளம் கொடுப்பதே அவர்கள்தான். கிளாஸுக்கு லேட்டா? ஃபைன். நேரம் முடிந்தும் பேசிக்கொண்டே இருக்கிறாரா? ஃபைன். ஊரை விட்டு வெளியே போகணுமா? திரும்பி வருவதற்கு ஜாமீனாக டெபாசிட் கட்டு! வீட்டில் காலேஜ் போகிற பிள்ளை இருக்கிற லெக்சரர்கள் இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடுவது நல்லது.

இன்றைக்கு அங்கே ஒரு செமஸ்டர் போகிறவர்களுக்கு வயிற்றைக் கலக்குவது பரீட்சை. இத்தாலியில் சட்டப் பரீட்சை பெரும்பாலும் வாய்மொழி. எதிரே புரொபசர், பின்னால் வேடிக்கை பார்க்க மற்ற மாணவர்கள். 30க்கு 18 வாங்கினால் பாஸ். மார்க் திருப்தியில்லையென்றால், 'வேண்டாம் சார், அடுத்த தடவை வருகிறேன்' என்று மறுத்துவிடலாம். நம்மூரில் முப்பத்தஞ்சை வேண்டாம் என்கிற மகானைக் காட்டுங்கள், பார்ப்போம்!

"எங்க பொண்ணு லா படிக்கிறா, ஒரு செமஸ்டர் யூரோப் போறேங்கறா, அனுப்பலாமா?" என்று கவலைப்படுகிற அப்பாக்கள் உண்டு. (ஒப்பந்தம் இருந்தால் இந்தியக் கல்லூரிகளிலிருந்தும் போகலாம்.) குளிர், சாப்பாடு, பாய்ஃப்ரெண்ட் எல்லாம் அப்புறம், சார். அங்கே ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். எந்தப் பாடம், அது இங்கே எதற்கு ஈடு என்று புறப்படும் முன்பே எழுதி, மாணவி, அனுப்புகிற கல்லூரி, வரவேற்கிற கல்லூரி மூன்று பேரும் கையெழுத்துப் போடவேண்டும். கொராடி அம்மாவிடம் இல்லாமல் போன காகிதம் இதுதான். போன இடத்தில் பாடத்தை மாற்றினால் மறுபடியும் மூன்று கையெழுத்து. பெண் ஏர்போர்ட்டில் கையாட்டும் முன் அதை ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.

போலோன்யாவில் அசினெல்லி என்று ஒரு கோபுரம், 498 படி. படிப்பு முடிவதற்குள் ஏறினால் டிகிரி கிடைக்காது என்று மாணவர்களுக்கு ஐதீகம். பக்கத்துக் கோபுரத்தின் சாய்வு பயமுறுத்தியதால் 2023 அக்டோபரில் இதையும் சேர்த்து மூடினார்கள். அந்த வருஷம் பெயிலானவர்கள் என்ன காரணம் சொன்னார்களோ!