குறைந்தபட்ச ஊதியம்: உயர்வது யாருக்கு?

2025 ஆகஸ்ட் 1 முதல் பதின்மூன்று நாள்கள், சென்னை மாநகராட்சியின் ரிப்பன் மாளிகை வாசலில் தூய்மைப் பணியாளர்கள் அமர்ந்திருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணியைத் தனியாரிடம் ஒப்படைத்ததே போராட்டத்துக்குக் காரணம். நாளொன்றுக்கு 761 ரூபாய் வீதம் மாதம் சுமார் 23,000 ரூபாய் பெற்றுவந்த தங்களுக்கு, ஒப்பந்த நிறுவனத்தில் சுமார் 17,000 ரூபாய்தான் கிடைக்கும் என்றார்கள். யாருக்கும் வேலை போகாது, வைப்பு நிதியும் ஈ.எஸ்.ஐ.யும் உண்டு என்றது அரசுத் தரப்பு. ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அங்கிருந்து அப்புறப்படுத்தியது.

மாதம் 6,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 72,000 ரூபாய். அதே தெரு, அதே குப்பை, அதே கைகள். மாறியது சம்பளம் கொடுப்பவர் மட்டுமே.

இது தூய்மைப் பணியாளர்களின் பிரச்சினை என்று நாம் கடந்துபோக முடியாது. ராயபுரத்திலிருந்து தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை, துறைமுகத்தையும் ஆலைகளையும் நம்பி வாழும் குடும்பங்களில் நம் சமுதாயத்துக் குடும்பங்களும் உண்டு. கடை, உணவகம், கிடங்கு நடத்தி ஆள் வைத்து வேலை வாங்குபவர்களும் நம்மில் உண்டு. கூலி வாங்குபவரும் கூலி கொடுப்பவரும் ஒரே ஜும்ஆவில் தோளோடு தோள் நிற்கிறோம்.

எத்தனை குறைந்தபட்சங்கள்?

சென்னைத் துறைமுகம் போன்ற பெருந்துறைமுகங்களுக்கு மத்திய அரசின் ஊதிய விகிதம் பொருந்தும். வாயிலுக்கு வெளியே உள்ள தனியார் ஆலைக்கும் கடைக்கும் மாநில அரசின் விகிதம். 2024 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த மத்திய விகிதப்படி, பெருநகரங்களில் சுமை ஏற்றி இறக்கும் சாதாரணத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 783 ரூபாய். 26 நாள்களுக்கு 20,358 ரூபாய். விலைவாசிக்கேற்ப ஆறு மாதத்துக்கு ஒருமுறை இது மாற்றப்படும். தமிழ்நாடு அரசு தொழில்வாரியாக அடிப்படை ஊதியத்தை நிர்ணயித்து, ஆண்டுதோறும் ஏப்ரலில் பஞ்சப்படியை மாற்றுகிறது.

இவற்றுக்கெல்லாம் கீழே தேசிய அடிமட்ட ஊதியம் என்று ஒன்று இருக்கிறது. 2019-இல் அது 178 ரூபாய் என அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு மத்திய அரசே அமைத்த அனூப் சத்பதி குழு 375 ரூபாய் கொடுக்கச் சொல்லியிருந்தது. பரிந்துரையில் பாதிகூட அறிவிப்பில் வரவில்லை.

எது போதுமான கூலி?

1957-இல் நடந்த 15-ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு இதற்கு ஒரு கணக்கு வகுத்தது. ஆளுக்கு 2,700 கலோரி உணவு, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, எரிபொருள், விளக்கு ஆகியவை அதில் அடங்கும். 1991-இல் ரெப்டகோஸ் பிரெட் நிறுவனத்தின் சென்னை ஆலைத் தொழிலாளர்கள் நடத்திய வழக்கில், பிள்ளைகளின் படிப்பு, மருத்துவம், பண்டிகை, முதுமை, திருமணம் போன்றவற்றுக்காக இன்னும் 25 விழுக்காடு சேர்க்க வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவது அரசமைப்பின் 23-ஆவது பிரிவு தடைசெய்யும் கட்டாய உழைப்பே என்று 1982-இலேயே அது தீர்ப்பளித்திருந்தது.

அப்படியானால் பள்ளிக் கட்டணமும் மருந்துச் செலவும் 'குறைந்தபட்ச'த்துக்குள் அடங்கியவை. அவற்றுக்குக் கடன் வாங்க வேண்டியிருந்தால், அந்தச் சம்பளம் அந்த அளவை எட்டவில்லை என்றே பொருள்.

வழியில் கரையும் கூலி

அறிவிக்கப்படும் உயர்வு கைக்கு வந்து சேர்வதற்குள் பல வழிகளில் கரைகிறது. பன்னிரண்டு மணி நேர வேலைக்கு எட்டு மணி நேரக் கூலி தருவது ஒரு வழி. திறன் தேவைப்படும் வேலையைச் சாதாரண வேலை என்று எழுதுவது இன்னொன்று. நிறுவனம் கட்ட வேண்டிய வைப்பு நிதிப் பங்கையும் தொழிலாளியின் சம்பளத்திலேயே பிடிப்பது மூன்றாவது. ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய ஆளையே புது ஆளாக்கிக் குறைந்தபட்சத்திலிருந்து மறுபடியும் தொடங்குவது நான்காவது. சட்டம் 'இதற்குக் கீழே போகாதே' என்று சொன்ன தொகை, 'இதற்கு மேல் கொடுக்க வேண்டாம்' என்பதாகிவிடுகிறது. ராயபுரத்துப் பெண்கள் அஞ்சியதும் இதைத்தான்.

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள ஊதியச் சட்டத் தொகுப்பைத் தொழிற்சங்கங்கள் பல காரணங்களுக்காக எதிர்க்கின்றன. ஆனாலும் அதில் தொழிலாளி பயன்படுத்திக்கொள்ளக்கூடியவை உண்டு. குறைந்தபட்ச ஊதியம் இனி குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டுமல்ல, எல்லாத் தொழில்களுக்கும் பொருந்தும். கூடுதல் நேரத்துக்கு இரட்டைக் கூலி உண்டு. ஊதியச் சீட்டு கொடுத்தாக வேண்டும். ஒப்பந்ததாரர் கொடுக்கத் தவறினால் நிறுவனமே பொறுப்பு. குறைத்துக் கொடுத்த கூலியை மூன்று ஆண்டுகளுக்குள் கோரலாம். பத்து மடங்கு வரை இழப்பீடு விதிக்கவும் இடமுண்டு.

நம் தராசு

வியர்வை உலரும் முன் கூலி என்ற நபிமொழியை ஜும்ஆ உரைகளில் கேட்காதவர் நம்மில் இல்லை. வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதவருக்கு எதிராக மறுமையில் அல்லாஹ்வே வழக்காடுவான் என்ற எச்சரிக்கை புகாரியில் பதிவாகியுள்ளது. அளவில் மோசடி செய்வோரைக் கண்டிக்கும் அல்முதஃப்பிஃபீன் அத்தியாயத்தை, வேலையை நிறைவாக வாங்கிக் கூலியைக் குறைப்பவருக்கும் விரிவுரையாளர்கள் பொருத்திக் காட்டியுள்ளனர். ஆகவே இது அரசையும் பெருநிறுவனங்களையும் மட்டும் நோக்கிய கேள்வி அல்ல. நம் கடையில் காலை பத்து முதல் இரவு பத்து வரை நிற்கும் பையனுக்கு, வீட்டில் பாத்திரம் கழுவும் அக்காவுக்கு, ஐந்து வேளையும் பள்ளிவாசலைத் திறந்து வைக்கும் முஅத்தினுக்கு நாம் கொடுப்பது எவ்வளவு? அந்தத் தொகையில் நம் குடும்பம் ஒரு மாதம் வாழ முடியுமா?

ஜமாஅத்துகள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மாதம் ஒருமுறை, ஜும்ஆவுக்குப் பிறகு, சட்டம் தெரிந்த ஒருவரைப் பள்ளிவாசல் வளாகத்தில் உட்கார வைக்கலாம். எந்தச் சமயத்தவராயினும், தொழிலாளிகள் தங்கள் ஊதியச் சீட்டைக் கொண்டுவந்து காட்டி விவரம் கேட்கட்டும். அதற்கு முன்பாக, பள்ளிவாசல் ஊழியர்களின் சம்பளக் கணக்கை நிர்வாகக் குழு எடுத்துப் பார்க்கட்டும்.