வேனின் கசிவும் பார்வைக் கூலியும்

விளைவித்தல் ஒரு கலை. விளைந்ததை வாடாமல், நசுங்காமல், காலந்தவறாமல் சந்தைக்குச் சேர்ப்பித்தல் மற்றொரு கலை. காவிரிக் கரையிலுள்ள ஜேடர்பாளையத்திலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் வாழை, கரும்பு, வெற்றிலை முதலியன பயிராகின்றன. பரமத்தி வேலூரில் நடைபெறும் வாழைத்தார் ஏலத்திற்கும், பிலிக்கல்பாளையத்தில் நடைபெறும் வெல்ல ஏலத்திற்கும் குறித்த வேளையில் சரக்குப் போய்ச் சேராவிடில், குடியானவன் அன்றைய விலையை இழக்கிறான். முன்னாளில் இவ்வேலையைச் செய்த இரட்டை மாட்டு வண்டியின் இடத்தில் இந்நாளில் சிறு வேன் நிற்கிறது. 1984-ஆம் ஆண்டில் வெளிவந்து 2019-இல் உற்பத்தி நிறுத்தப்பெற்ற மாருதி ஆம்னியும், 2005-ஆம் ஆண்டில் அறிமுகமான டாடா ஏஸும் போன்ற வண்டிகள், பல கை மாறிய பின்னரும் கிராமங்களில் உழைத்து வருகின்றன. புதிது வாங்க வசதியில்லாதவர்க்கு இப்பழைய வேனே துணை.

இத்தகைய வண்டிகளுக்கு வரும் நோய்களுள் மிகச் சாதாரணமானதும், மிகத் தவறாகக் கையாளப்படுவதும் கசிவேயாகும். காலையில் வண்டியை நகர்த்தினால் தரையில் ஒரு கறை தெரிகிறது. சிலர் அதனைப் பொருட்படுத்தாது, குறைந்த அளவை ஊற்றி நிரப்பிக்கொண்டு ஓட்டுகின்றனர். வேறு சிலர் பட்டறைக்குச் சென்று, கறைக்கு நேர் மேலே இருக்கும் பாகத்தை மாற்றிக்கொண்டு வருகின்றனர். ஒரு வாரத்திற்குள் அதே இடத்தில் அதே கறை மீண்டும் தோன்றுகிறது. முதல் வகையார் வண்டியை இழக்கின்றனர். இரண்டாம் வகையார் பணத்தை இழக்கின்றனர். இருவரும் செய்யத் தவறுவது ஒன்றே: கசிவின் மூலத்தைக் கண்டறியாமல் பரிகாரம் தேடுகின்றனர்.

இவ்வுண்மை வாய்க்கால் பாசனக்காரர்க்குப் புதியதன்று. ஜேடர்பாளையம் அணைக்கட்டிலிருந்து பிரியும் ராஜா வாய்க்காலின் கீழ் வயல் வைத்திருப்போர், கரையில் நண்டு வளை விழுந்தால் நீர் வேறோரிடத்தில் ஊறி வெளிப்படும் என்பதை நன்கறிவர். நீர் தெரியும் இடத்தில் மண்ணைக் கொட்டுபவன் வீணே உழைப்பான். வளையின் வாயைத் தேடி அடைப்பவனே வெற்றி பெறுவான். வாய்க்கால் கரையில் காட்டும் இவ்விவேகத்தை வேனிடத்தும் காட்டவேண்டும்.

ஏனெனில் எண்ணெய் சொட்டும் இடம் வேறு, ஊறும் இடம் வேறு. யந்திரத்தின் உச்சியிலுள்ள டேப்பட் கவரின் பேக்கிங் காய்ந்து வெடித்தால், அங்கிருந்து வழியும் எண்ணெய் யந்திரத்தின் உடம்போடு இறங்கி, ஓட்டத்தில் வீசும் காற்றால் பின்னுக்குத் தள்ளப்பட்டு, யந்திரமும் கியர் பாக்ஸும் இணையும் இடத்தில் சொட்டுகிறது. பார்ப்பவர் கிராங்கின் பின்புற ஆயில் சீல் போய்விட்டதென்று முடிவு கட்டுவர். அந்த சீலை மாற்றக் கியர் பாக்ஸையே கழற்றவேண்டும். ஒரு நாள் வேலையும் பெருங்கூலியும் ஆகும். டேப்பட் கவர் பேக்கிங்கோ சொற்ப விலையில் கிடைப்பது. வெகு விரைவில் மாற்றத்தக்கது. பெரிய பாகத்தைச் சந்தேகிக்குமுன் சிறிய பாகத்தைப் பார்க்கவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுவதில்லை.

முதலாவதாக அறியவேண்டியது, கசிவது யாது என்பதே. யந்திர எண்ணெய் புதிதாயின் தேன் நிறமாகவும், ஓடியதாயின் கறுப்பாகவும் இருக்கும். கியர் எண்ணெய் அதனினும் கெட்டியாய்க் கந்தக வாடை வீசும். கூலண்ட் பச்சை, ஆரஞ்சு, இளஞ்சிவப்பு முதலிய நிறங்களில், வழவழப்பாய், இனித்த வாடையுடன் இருக்கும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டிகளில் அதன் எண்ணெய் பெரும்பாலும் சிவப்பு. பிரேக் ஆயில் நிறமற்றதாகவோ இளமஞ்சளாகவோ இருப்பதுடன், பட்ட இடத்தில் பெயிண்டை உரித்துவிடும். குளிர்சாதனம் உள்ள வேனின் அடியில் சொட்டும் தெளிந்த நீர் நோயன்று. டீசலையும் பெட்ரோலையும் வாடையே காட்டிக் கொடுக்கும். பெட்ரோல் வாடை வீசினால் யந்திரத்தை முடுக்காமல், நெருப்பை அண்டவிடாமல், உடனே மெக்கானிக்கை வரவழைத்தல் வேண்டும்.

இவற்றுள் இரண்டு சிறிதும் தாமதிக்கத்தக்கவையல்ல. பிரேக் ஆயில் கசியும் வேனை ஓட்டவே கூடாது. சக்கரத்தின் உட்புறம் ஈரமாயிருந்தால் வீல் சிலிண்டரையும், மிதிகட்டையின் பக்கம் ஈரமாயிருந்தால் மாஸ்டர் சிலிண்டரையும் பார்க்கவேண்டும். பிரேக் கட்டைகள் தேயத் தேய அளவு சிறிது இறங்குவது இயல்பு; விரைந்து இறங்குமாயின் அது கசிவே. மேலும், இத்திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. டாட் 3 வகையின் கொதிநிலை புதிதாயிருக்கையில் குறைந்தது 205 டிகிரி சென்டிகிரேடு; ஈரம் ஏறிய நிலையில் 140 டிகிரி வரை இறங்கலாம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்துடன் இறங்கும் வண்டியில் பிரேக் சூடேறித் திரவம் கொதித்தால் மிதிகட்டை பயனற்றுப் போகும். பிரேக் ஆயில் என்று பெயர் வழங்கினும் அது எண்ணெயன்று. அதனுள் யந்திர எண்ணெயை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிக் கெடும்.

மற்றொன்று கூலண்ட். அதிற் பொதுவாகக் கலந்திருக்கும் எதிலீன் கிளைக்கால் கொடிய விஷம், ஆயினும் இனிப்பானது. முற்றத்தில் தேங்கிய அந்நீரை நாயோ கன்றோ நக்கினால் சிறுநீரகம் கெட்டு மடியும். ஆகவே கசிவு நிற்கும் வரை வண்டியின் அடியில் ஒரு தட்டை வைப்பதும், சிந்தியதை மண்ணிட்டுத் துடைத்தெடுப்பதும் வீட்டாரின் கடமை.

கசிவின் மூலத்தைக் காணும் முறை எளிது. ஒருநாள் மாலை யந்திரத்தை ஆறவிட்டு, மின்சாதனங்களில் நீர் படாதவாறு அடிப்புறத்தின் அழுக்கை நன்றாகக் கழுவி உலர்த்தவேண்டும். சிறிது தூரம் ஓட்டிய பின் சமதரையில் நிறுத்தி, வண்டியின் அடியில் அகலமான அட்டையை விரித்து, நான்கு சக்கரங்களின் இடத்தையும் அதிற் குறித்துக்கொள்ளவேண்டும். மறுநாட் காலையில் சொட்டின் நிறம், வாடை, இடம் ஆகிய மூன்றும் அட்டையிற் காணப்படும். பின்னர், ஈரம் தென்படும் இடங்களுள் மிக மேலாகவும் மிக முன்பாகவும் உள்ளது எதுவோ, அதனையே முதலிற் சந்தேகிக்கவேண்டும். ஐயம் நீங்காவிடில், அவ்விடத்தைத் துடைத்து முகப்பவுடரைத் தூவிச் சற்று நேரம் யந்திரத்தை ஓட்டி நிறுத்தினால், வெண்மையின்மீது எண்ணெய்க் கோடு தெளிவாய்த் தெரியும். ஜாக்கி ஒன்றை மட்டும் நம்பி வண்டியின் அடியிற் புகுதலும், சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறத்தலும் எக்காலத்தும் ஆகா.

கசியும் பாகத்தைக் கண்ட பின்னும், அது ஏன் கசிகிறது என்று கேட்கவேண்டும். யந்திரத்திலும் டிப்ரன்ஷியலிலும் உள்ளே சேரும் காற்று வெளியேறுதற்குப் பிரீதர் என்னும் சிறு துவாரம் உண்டு. புழுதியாலோ குளவி கட்டிய மண்ணாலோ அது அடைபட்டால், உள்ளழுத்தம் மிகுந்து எண்ணெய் சீல்களைத் தள்ளிக்கொண்டு வெளிவரும். அப்போது எத்தனை புதிய சீல் போட்டாலும் நில்லாது. துவாரத்தைச் சுத்தம் செய்தாலே போதுமானதாகலாம். அவ்வாறே, கூலண்ட் வெளியேறுவதற்குத் தளர்ந்த ஹோஸ் கிளிப்போ, வலுவிழந்த ரேடியேட்டர் மூடியோ காரணமாயிருத்தல் கூடும். தரையில் ஒரு சொட்டும் இன்றிக் கூலண்ட் குறைந்துகொண்டே வந்து, எண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால், ஹெட் கேஸ்கட்டைப் பரிசோதிப்பது அவசியம்.

வழியில் ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள் தூளைக் கொட்டி ஊர் சேரும் வழக்கம் வண்டியோட்டிகளிடையே உண்டு. ஆபத்துக்கு அது உதவலாம். ஆனால் அதனையே வைத்தியமாகக் கொள்ளலாகாது. துளையை அடைக்கும் பொருள், ரேடியேட்டரின் நுண்ணிய குழாய்களையும் அடைக்கக்கூடும். கடைகளில் விற்கப்படும் கசிவடைப்பான்களுக்கும் இஃது பொருந்தும். கூலண்டுக்குப் பதிலாக உப்பு மிகுந்த கிணற்று நீரையே ஊற்றிவந்தால் உள்ளே காரை படிந்து, உலோகம் அரித்து, புதிய கசிவுகள் உண்டாகும்.

பழைய வண்டியென்றால் ஒழுகத்தான் செய்யும் என்று கூறுவோர் பலர். பத்து வினாடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிந்தால் ஒரு நாளில் 8,640 சொட்டுகள். 20 சொட்டுகளை ஒரு மில்லிலிட்டராகக் கொண்டால் 432 மில்லிலிட்டர். சிறு வேனின் யந்திரம் கொள்ளும் எண்ணெயே சில லிட்டர்தான். எண்ணெய் வற்றிய யந்திரம் சூடேறி இறுகி நின்றுவிடின், அதனைச் சீர்செய்யும் செலவு பழைய வண்டியின் மதிப்பையே எட்டிவிடலாம். ஏலத்திற்குப் போகும் அவசரத்தில் சோதனைக்கு நேரமில்லை என்பதும் ஏற்கத்தக்கதன்று. சோதனைக்கு வேண்டுவது ஒரு மாலையும் ஓர் இரவுமே. அவ்விரவில் வண்டி எப்படியும் நின்றுகொண்டுதான் இருக்கிறது.

எனினும், குற்றம் முழுவதையும் பட்டறைக்காரர்மேற் சுமத்துவது நியாயமன்று. பாகத்திற்கு விலை கொடுப்போர் பலர். பார்வைக்குக் கூலி கொடுப்போர் சிலர். ஒரு மணி நேரம் வண்டியின் அடியிற் படுத்து ஆராய்ந்து, ஒரு கிளிப்பை முறுக்கிக் கசிவை நிறுத்தும் மெக்கானிக்கிடம், "இதற்கா காசு?" என்று கேட்பவர்கள், அவர் அடுத்த முறை ஆராயாமல் பாகத்தை மாற்றினால் வியக்கலாகாது. உழவர் இப்பாடத்தை மண்ணிடத்திற் கற்றிருக்கின்றனர். மண்ணைச் சோதிக்காமல் உரமிடுதல் வீண் என்பதனாலேயே 2015-ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் மண்வள அட்டைத் திட்டத்தைத் தொடங்கிற்று. மண்ணுக்குச் சோதனை முந்துமாயின் யந்திரத்திற்கும் சோதனையே முந்தவேண்டும்.

ஆதலின், வேன் வைத்திருக்கும் குடியானவர்கள் மூன்று வழக்கங்களைக் கைக்கொள்வது நலம். மாதம் ஒருமுறை அட்டைச் சோதனை செய்தல். பட்டறைக்குச் செல்லும்போது அவ்வட்டையையும் உடன் கொண்டுபோதல். சோதனைக்குரிய கூலியை முதலிலேயே தனியாகப் பேசி, மூலத்தைக் கண்டு காட்டிய பின்னரே பாகத்தை மாற்றச் சொல்லுதல். கழித்த எண்ணெயை வாய்க்காலிலோ வயலிலோ கொட்டாமல், டப்பாவிற் சேர்த்துப் பட்டறையில் ஒப்படைத்தலும் இவற்றோடு சேரும். கூலிக்குக் கொடுத்த தொகை சிறிது. அதனால் மிஞ்சும் பாகச் செலவும், வேளை தவறாது ஏலத்திற்குச் சேரும் வாழைத்தாரும் பெரிது.